மீனுக்கு ஒண்ணேகால் லிட்டர்... அப்பாவுக்கு?

போன வருஷம் மே மாதம், முதல் வாரம். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண் அசந்திருந்தேன். "அம்மா, ஆரஞ்சு மேல வந்து வாயை வாயைத் தொறக்குது. என்னான்னு பாரேன்" என்று மகன் வந்து உலுக்கினான்.

ஆரஞ்சு, எங்கள் வீட்டு மீன். விழுப்புரத்தில் நாங்கள் இருக்கும் வாடகை வீட்டின் ஹாலில் இரண்டடி நீளத்துக்கு ஒரு மீன் தொட்டி உண்டு. மகனின் பிறந்தநாளுக்கு ஜனவரியில் வாங்கியது. நான்கு கோல்டு ஃபிஷ், ஒரு ஏர் பம்ப், கூழாங்கல், மூடியோடு சேர்ந்த விளக்கு. நான்கு மாதம் எந்தத் தொந்தரவும் இல்லை. வெயில் ஏற ஏற, மீன்கள் சாப்பாட்டைத் தொடாமல் மூலையில் ஒதுங்க ஆரம்பித்திருந்தன. நான்தான் கவனிக்கவில்லை.

எழுந்து போய்த் தொட்டிக்குள் விரலை விட்டேன். தண்ணீர், குழந்தையைக் குளிப்பாட்ட விளாவி வைத்த பதத்தில் இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் ஃப்ரிட்ஜ்தான். ஐஸ் ட்ரேயைத் தட்டி, இருந்த கட்டிகளை எல்லாம் தொட்டிக்குள் கொட்டினேன். பத்து நிமிஷத்தில் தண்ணீர் சில்லென்று ஆனது. மீன்கள் ஒரு சுற்று வேகமாக ஓடின. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஆரஞ்சு உட்பட மூன்று மீன்கள் மிதந்தன. ஒன்றே ஒன்று மட்டும் ஏர் பம்ப் குமிழி விடும் இடத்தை ஒட்டியபடி அசைந்துகொண்டிருந்தது. மகன் அழவில்லை. "நீ ஐஸ் போட்டதாலயா?" என்று மட்டும் கேட்டான். அழுதிருந்தால்கூடத் தேவலாம்.

மீன் வாங்கிய கடைக்குப் போனோம். கடைக்காரர் முழுவதையும் கேட்டுவிட்டு, "சூடு பாதி, ஐஸ் பாதிக்கா" என்றார். கோல்டு ஃபிஷ் சீனாவில் ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக வளர்க்கப்பட்டு வரும் கெண்டை இனமாம். குளிர்ந்த தண்ணீருக்குப் பழகியது. நம் ஊர் வெயில் அதற்கு ஒத்துவராது. அதிலும் பத்து நிமிஷத்தில் இத்தனை டிகிரி சட்டென்று இறங்கினால் உடம்பு தாங்காது. 80 ரூபாய்க்கு ஒரு கண்ணாடி வெப்பமானியைக் கொடுத்து, "முதல்ல எவ்ளோ சூடுன்னு பாருங்க. அப்புறம் வைத்தியம் பண்ணலாம்" என்று அனுப்பினார்.

அன்று மதியம் தொட்டியில் 33 டிகிரி.

திண்டிவனத்தில் இருக்கும் அப்பாவுக்கு போன் செய்தேன். அப்பா அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அதற்கு முந்தைய கார்த்திகையில் அம்மா தவறியதிலிருந்து அந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். "எங்ககூட வந்துடுங்கப்பா" என்று எத்தனையோ முறை கூப்பிட்டும், "இங்க எனக்கு என்ன குறை?" என்று முடித்துவிடுவார். எங்கள் போன் பேச்சு எப்போதும் ஒரு நிமிஷம்தான். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன். மாத்திரை, போட்டாச்சு. சரி, வெச்சுடறேன்.

அன்றைக்குத்தான் அம்மா போன பிறகு முதன்முறையாக அப்பா அரை மணி நேரம் பேசினார்.

"மண்பானைத் தண்ணி ஏன் சில்லுனு இருக்குது? நீயும் படிச்ச பொண்ணுதானே, சொல்லு பாப்போம்."

"பானையில இருந்து தண்ணி கசிஞ்சு ஆவியாகுது. அதனால."

"ஆவியாகறதுக்கான சூட்டை எங்கிருந்து எடுக்குது?"

"பானைக்குள்ள இருக்கற தண்ணிகிட்ட இருந்து."

"அப்ப மீன் தொட்டியை ஏன் மூடி போட்டு மூடி வெச்சிருக்கே? மூடியை எடு. ஒரு ஃபேன் வை. நான் நாளைக்கு வரேன்."

மறுநாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். சுமார் 40 கிலோமீட்டர், ஒரு மணி நேரப் பயணம். தோளில் மாட்டிய துணிப்பையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து கழற்றிய 12 வோல்ட் ஃபேன், கெட்டுப்போன மோடத்தின் அடாப்டர், இன்சுலேஷன் டேப், ஒரு துண்டுக் கொசுவலை. உள்ளங்கை அளவுதான் ஃபேன். அதைத் தொட்டியின் விளிம்பில் சாய்வாகக் கட்டினார். காற்று தண்ணீரின் மேற்பரப்பைத் தடவிக்கொண்டு போக வேண்டும், கண்ணாடியில் மோதக் கூடாது என்றார். மூடியை எடுத்துவிட்டதால் மீன் துள்ளி வெளியே விழாதபடி மேலே கொசுவலை. அடாப்டர் தொட்டிக்கு எட்டாத தூரத்தில். ஒயர் நேராக ப்ளக்குக்குப் போகாமல் நடுவில் கீழே தொங்கி, பிறகு மேலே ஏற வேண்டும். ஒயர் வழியாகத் தண்ணீர் வழிந்தாலும் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும், ப்ளக்குக்குப் போகாது. இவ்வளவையும் என் மகன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். என் அப்பா வகுப்பு எடுப்பதை நானும் ரொம்ப நாள் கழித்துப் பார்த்தேன்.

"ஏன் தாத்தா, சூடானா மீன் செத்துடுமா?"

"ரெண்டு விஷயம் கண்ணு. 20 டிகிரியில ஒரு லிட்டர் தண்ணியில சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 33 டிகிரியில சுமார் 7தான். மூச்சுக்கு இருக்கறது குறையுது. ஆனா சூட்டுல மீனோட உடம்பு வேகமா வேலை செய்யும், மூச்சு அதிகமா வேணும். வரவு கம்மி, செலவு ஜாஸ்தி. அதான் மேல வந்து வாயைத் தொறக்குது."

ஃபேன் வைக்கும்போது 33. ராத்திரி பத்து மணிக்கு 30.5. மறுநாள் காலையில் 29.5. ஐஸ் போட்டபோது பத்து நிமிஷத்தில் இறங்கியதற்கு, இப்போது ஒரு ராத்திரி முழுக்க எடுத்துக்கொண்டு மூன்றரை டிகிரி இறங்கியிருந்தது. மிச்சம் இருந்த மீன் மூலையை விட்டு நடுவுக்கு வந்தது. மகன் அதற்கு 'கத்திரி' என்று பெயர் வைத்தான். கத்திரி வெயிலைத் தாண்டிவிட வேண்டும் என்பதற்காகவாம்.

தொட்டியில் தண்ணீர் மட்டமும் இறங்கியிருந்தது. முக்கால் சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அளந்து ஊற்றினால் ஒண்ணேகால் லிட்டர் பிடித்தது. நான் பதறினேன், தொட்டி ஒழுகுகிறதோ என்று. அப்பா சிரித்தார். "அதுதாம்மா குளிர்ச்சியோட விலை. ஃபேன் குளிர்ச்சி எதையும் கொண்டாரல. தண்ணி தன்னைக் கொடுத்துட்டுப் போவுது, போறப்ப சூட்டையும் தூக்கிட்டுப் போவுது. ஒரு லிட்டர் ஆவியானா, 58 லிட்டர் தண்ணியை 10 டிகிரி இறக்கற அளவு சூட்டை எடுத்துக்கும். சுத்தி இருக்கற காத்து திரும்பத் திரும்பச் சூட்டைக் கொடுக்குது, அதனால நமக்கு மூணு டிகிரிதான் மிஞ்சுது. நீ தண்ணி ஊத்தாம ஃபேனை மட்டும் ஓட்டினா, நாலு நாள்ல தொட்டி குறைஞ்சு, மீனுக்கு இன்னும் கஷ்டம்."

இன்னொன்றும் சொன்னார். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், அதில் கரைந்திருக்கும் உப்பு அங்கேயே தங்கிவிடும். "மரக்காணம் உப்பளத்துல என்ன பண்றாங்க? கடல் தண்ணியைப் பாத்தி கட்டி வெயில்ல விடறாங்க, தண்ணி போயிடுது, உப்பு நிக்குது. உன் தொட்டியும் ஒரு சின்ன மரக்காணம்தான்." எங்கள் வீட்டு போர் தண்ணீர் குழாயிலேயே வெள்ளை படியும். அதையே தினமும் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். அதனால் ஆவியானதை ஈடுகட்ட வடிகட்டிய தண்ணீர். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை எடுத்துவிட்டு, ஒரு நாள் திறந்து வைத்த புதுத் தண்ணீர். இந்த இரண்டையும் அன்று முதல் தவறாமல் செய்கிறோம்.

அப்பா கிளம்பும்போது மகனும் கூடவே திண்டிவனம் கிளம்பினான். போகிற வழியில் தாத்தாவுக்கும் ஒரு தொட்டி வாங்கிக்கொடுக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். "தாத்தா வீட்ல பேசறதுக்கு யாருமில்லம்மா" என்றான். அதே இரண்டடித் தொட்டி. இந்த முறை கோல்டு ஃபிஷ் இல்லை, கொஞ்சம் சூடு தாங்கும் ஆறு கப்பி, இரண்டு மோலி.

திண்டிவனம் என்றாலே புளியங்காடு என்பார் அப்பா. திந்திரிணி என்றால் வடமொழியில் புளி. எங்கள் தெருவில் இப்போது மிஞ்சியிருப்பது ஒரே ஒரு புளியமரம். அதன் நிழல் மதியம் வரை எங்கள் வீட்டு முன் அறையில் விழும். ஆகவே விழுப்புரத்தைவிட அங்கே தொட்டி இன்னும் குளிரும் என்று எதிர்பார்த்தார்கள். நடக்கவில்லை. அதே மாதிரி ஃபேன், அதே சாய்வு. தொட்டி 31-க்குக் கீழே இறங்கவே இல்லை.

தாத்தாவும் பேரனும் காரணம் தேடினார்கள். அப்பா வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி ஃபேன் காற்றில் காட்டினாராம். வெறும் வெப்பமானி 34 காட்டிய அறையில், ஈரத்துணி சுற்றியது 29 காட்டியது. எந்த ஃபேன் வைத்தாலும் தொட்டி அந்த 29-க்குக் கீழே போகாது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால், புதிதாக ஆவியாவதற்கு இடம் ஏது?

காரணம் ஊரில் இல்லை, அறையில் இருந்தது. அம்மா இருந்தவரை காலையில் எழுந்ததும் ஜன்னல்களைத் திறப்பது, கொசு வருவதற்கு முன் மூடுவது எல்லாம் அவர் வேலை. அம்மா போன பிறகு அப்பா ஜன்னலைத் திறப்பதே இல்லை. ஆறு மாதமாக அந்த அறையின் காற்று அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. மகன் ஜன்னலையும் எதிர்ப்புறக் கதவையும் திறந்துவைத்தான். அன்று சாயங்காலம் ஈரத்துணி 26 காட்டியது. மறுநாள் தொட்டி 29-க்கு வந்தது. "தாத்தா வீட்ல ஜன்னல் தொறந்தாச்சு" என்று போனில் கத்தினான்.

அப்பா ஒரு நோட்டுப் போட்டார். தேதி, காலை வெப்பம், மாலை வெப்பம், ஊற்றிய தண்ணீர். தினமும் ராத்திரி எட்டு மணிக்கு போன் வரும். "காலையில 29, சாயங்காலம் 30, தண்ணி ஒண்ணேகால்" என்பார். நான் எங்கள் தொட்டிக் கணக்கைச் சொல்வேன். இருவரும் ஒப்பிட்டுப் பேசுவோம். கரன்ட் போனால் என்ன செய்வது, இன்வெர்ட்டர் இல்லாவிட்டால் ஸ்கூட்டரின் பழைய பேட்டரியில் ஓட்டலாமா என்று பேச்சு நீளும். அப்பா பழையபடி ஆகிவிட்டார் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன்.

மே கடைசி வாரம், புது நோட்டு, யூனிஃபார்ம் வாங்க மகன் விழுப்புரம் திரும்பிவிட்டான். அதற்கு மூன்றாம் நாள் ராத்திரி போன் வந்தது. "காலையில 30, சாயங்காலம் 31." கொஞ்சம் நிறுத்தி, "காலையில 30, சாயங்காலம் 31" என்றார் மறுபடியும். குரல் குழறியது. "தூக்கம் வருதும்மா" என்று வைத்துவிட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்கு போன் செய்து பார்க்கச் சொல்லிவிட்டு, நாங்கள் இருவரும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

போய்ப் பார்த்தபோது ஜன்னல் திரும்பவும் மூடியிருந்தது. தலைக்கு மேல் ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா கட்டிலில் சுருண்டு படுத்திருந்தார். உதடு வெடித்திருந்தது. தொட்டுப் பார்த்தால் உடம்பு காய்ந்து சுட்டது. தலைமாட்டில் சொம்பில் வைத்த தண்ணீர் வைத்தபடி இருந்தது. மீன் தொட்டியில் மட்டும் ஃபேன் சீராக ஓட, தண்ணீர் சரியாகக் கோடு வரை இருந்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏறிய பிறகுதான் பேச்சு தெளிவானது. டாக்டர் கேட்டார்: "ஐயா, நேத்து எவ்ளோ தண்ணி குடிச்சீங்க?"

அப்பா யோசித்தார். தெரியவில்லை. மீன் தொட்டிக்கு நேற்று எவ்வளவு ஊற்றினார் என்று கேட்டிருந்தால் மில்லிலிட்டரில் சொல்லியிருப்பார்.

எனக்கும் தெரியவில்லை. இருபது நாளாக தினமும் ராத்திரி எட்டு மணிக்கு அவரோடு பேசியிருக்கிறேன். ஒருநாள்கூட அதைக் கேட்கவில்லை.

டாக்டர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். நம் உடம்பும் தண்ணீரை வெளியே விட்டுத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. அதற்குப் பெயர்தான் வியர்வை. வயதானால் வியர்ப்பது குறையும், தாகம் எடுப்பதும் குறையும். உடம்பில் தண்ணீர் வற்றினாலும் வாய் கேட்காது. மூடிய அறையில் புழுக்கத்தில் படுத்திருந்தால், வருகிற கொஞ்ச வியர்வையும் காயாது. ஃபேன் ஓடுகிறதே என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம். அறையின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேன் போடாதீர்கள், அது உடம்பை மேலும் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. "தாகம் எடுக்குதான்னு பார்க்காதீங்க, மணியைப் பார்த்துக் குடிக்க வைங்க. இதய, சிறுநீரகத் தொந்தரவு இருக்கறவங்க மட்டும் எவ்ளோ குடிக்கணும்னு டாக்டரைக் கேட்டுக்கணும். பிரஷர் மாத்திரை எதுவும் நீர் பிரிய வைக்கறதான்னும் பார்க்கணும்" என்று அப்பாவின் மாத்திரைகளில் ஒன்றை மாற்றி எழுதினார்.

ராத்திரி வார்டில் உட்கார்ந்திருந்தபோது மெதுவாகக் கேட்டேன். "ஏம்ப்பா தண்ணி குடிக்கல? இதெல்லாம் எங்களுக்குப் பாடம் எடுத்ததே நீங்கதானே."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "குடிச்சா ராத்திரி ரெண்டு தடவை எழுந்திருக்கணும். கக்கூஸ் தோட்டத்துல இருக்குது. உங்கம்மா இருந்தப்ப விளக்கைப் போட்டுட்டுக் கூடவே வந்து நிப்பா. இப்ப இருட்டுல படி தெரியல. விழுந்துட்டா யாரு பாக்கறது?"

நான் ஒன்றும் பேசவில்லை. எத்தனை முறை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். தோட்டத்து பல்பு ஃப்யூஸ் ஆனதைப் பார்த்தும் இருக்கிறேன். மாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை.

இரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தோம். என் வீட்டுக்காரர் தோட்டத்துப் படியில் புது விளக்கும், பிடித்துக்கொள்ள ஒரு பைப்பும் போட்டார். கட்டிலுக்குப் பக்கத்திலேயே அந்த விளக்கின் சுவிட்ச். ஜன்னல்களுக்குக் கொசுவலை அடித்தோம், இனி சாயங்காலமும் திறந்து வைக்கலாம். விழுப்புரம் வந்துவிடச் சொல்லி இன்னொரு முறையும் கூப்பிட்டேன். "மீனை யாரு பாத்துக்கறது?" என்றார். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

மகன் ஒரு வேலை செய்தான். தாத்தாவின் நோட்டை எடுத்து, ஸ்கேல் வைத்து, தண்ணீர் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டான். மேலே 'தாத்தா' என்று எழுதினான். ஒரு லிட்டர் பாட்டிலில் கால் லிட்டருக்கு ஒரு கோடு வீதம் மார்க்கரால் குறித்துக் கட்டில் பக்கத்தில் வைத்தான். "தொட்டிக்கு ஊத்தறதுக்கு முன்னாடி நீங்க குடிக்கணும் தாத்தா. அப்புறம்தான் மீனுக்கு."

இது இந்த வருஷத்துக் கத்திரி. கத்திரி என்ற மீன் எங்கள் வீட்டில் நன்றாகவே இருக்கிறது. திண்டிவனத்தில் கப்பிகள் குட்டி போட்டு, எண்ண முடியாத அளவுக்குப் பெருகிவிட்டன. ராத்திரி எட்டு மணிக்கு போன் வருகிறது. இப்போது முதல் கேள்வி என்னுடையது.

"தண்ணி எவ்ளோப்பா?"

"மீனுக்கு ஒண்ணேகால். எனக்கு ரெண்டேகால்."

"நெஜமாவா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சிரிப்பு கேட்டது.

"மீன் கணக்கு நெஜம்மா. என் கணக்குல ஒரு டம்ளர் சேர்த்து எழுதிட்டேன். இரு, போனை வெச்சுட்டுக் குடிக்கறேன்."

"வெக்காதீங்க. குடிச்சுட்டுப் பேசுங்க" என்றேன்.

பாட்டில் மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது.